வாடிக்கைக்காரர் மனம்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



நம்மில் ஒருவரை வழியில் நிறுத்தி, "இன்று மல்லி என்ன கொள்முதல்? கிடங்கில் எத்தனை மூட்டை இருப்பு? யார் யார் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டால், கணக்குப் புத்தகத்தைத் திறவாமலே பதில் சொல்லிவிடுவோம். ஆனால், "பத்து வருஷமாக உங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்த இன்னார் இப்போது ஏன் வருவதில்லை?" என்று கேட்டால் விழிப்போம். அல்லது, "காலம் கெட்டுப் போச்சு, பெரிய கடைகள் வந்துவிட்டன, ஜனங்களுக்கு நன்றி இல்லை" என்று சொல்லி நம்மை நாமே சமாதானம் செய்துகொள்வோம். சரக்கை அறிந்த அளவுக்கு, அதை வாங்குகிறவரை நாம் அறியவில்லை. இந்தக் குறையைப் பற்றியதே இன்றைய பாடம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு கல்லாவில் உட்கார்ந்துவிட்டோம். தைப்பிங் கடைத்தெருவில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு மளிகைக் கடையில் கண்டதும் பட்டதும், கல்லூரியில் வியாபாரக் கல்வி பயிலும் நம் மகள் நூல்களை வாசித்துச் சொன்னதும் சேர்ந்ததே இக்கட்டுரை. கற்றவர்கள் பிழை கண்டால் பொறுத்துத் திருத்துவார்களாக.

1. இஃது என்ன அறிவு?

வாங்குகிறவர் யார், எதை, எப்போது, எங்கே, எவ்வளவு வாங்குகிறார், ஏன் வாங்குகிறார், ஏன் வாங்காமற் போகிறார் என்று ஆராய்வதையே நுகர்வோர் நடத்தை பற்றிய அறிவு என்கிறார்கள். மார்க்கெட்டிங் என்று இக்காலத்தில் சொல்லப்படும் விற்பனைக் கலைக்கு இதுவே அஸ்திவாரம். விளம்பரப் பலகையும், தள்ளுபடி அறிவிப்பும், கைத்தொலைபேசியில் அனுப்பும் படமும் பிறகு வருபவை. யாருக்கு, எதற்காக என்று தெரியாமல் செய்யும் விளம்பரம் இருட்டில் எறிந்த கல்லைப் போன்றது.

ஒருவர் ஒரு பொருளை வாங்குவதில் ஐந்து படிகள் உண்டு. முதலில் தேவை எழுகிறது. அடுத்து, எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார். பின்பு விலையையும் தரத்தையும் ஒப்பிடுகிறார். நான்காவதாகக் காசு கொடுத்து வாங்குகிறார். ஐந்தாவதாக, வீட்டுக்குப் போய் அதைப் பயன்படுத்திப் பார்த்து, "நல்லது" என்றோ "ஏமாந்தோம்" என்றோ எண்ணுகிறார்.

நமக்குக் கண்ணில் படுவது நான்காவது படி மாத்திரமே. காசு கைக்கு வந்ததும் காரியம் முடிந்தது என்று நினைக்கிறோம். அவர் மறுபடி வருவாரா என்பதோ ஐந்தாவது படியில், நாம் இல்லாத இடத்தில், அவர் வீட்டு அடுப்படியில் தீர்மானமாகிறது.

வாங்க வருபவர், தீர்மானிப்பவர், உண்பவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மனைவி எழுதிக் கொடுத்த சீட்டோடு கணவர் வருகிறார். இப்போது சீட்டுக்குப் பதில் தொலைபேசியில் பாக்கெட்டின் படத்தைக் காட்டுகிறார். அவரிடம் போய், "இதைவிட அது நயம்" என்று பேசிப் பயன் என்ன? வேறு சரக்கைக் கொண்டுபோனால் வீட்டில் ஏச்சு வாங்குவது அவர்தான். படத்தில் உள்ளது இல்லையென்றால், "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நிற்பதே புத்தி.

2. மஞ்சள் பாக்கெட் கற்பித்தது

நமது தகப்பனார் காலத்தில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சீரகம், சோம்பு யாவும் டின்களில் இருக்கும். கேட்ட காசுக்கு நிறுத்து, காகிதத்தில் பொட்டலம் மடித்துக் கொடுப்பார். ஐம்பது காசுக்கு மஞ்சள் என்று கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார்.

2016ஆம் ஆண்டில் நாம் ஒரு மாறுதல் செய்தோம். நிறுப்பதற்கு ஆள் வேண்டியிருக்கிறது, தூள் சிந்துகிறது, கூட்ட நேரத்தில் தாமதமாகிறது என்று எண்ணி, எல்லாத் தூளையும் 250 கிராம் பாக்கெட்டுகளாக ஒட்டி அலமாரியில் அடுக்கிவிட்டோம். கடை பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. முதல் சில மாதங்கள் விற்பனைத் தொகை குறையவில்லை. சற்று ஏறவும் செய்தது. நமக்குப் பெருமை தாங்கவில்லை.

தொகை ஏறிய அதே மாதங்களில் வருகிற ஆட்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். இரவு கடையை மூடும்போது நாம் பணத்தை எண்ணினோம், வந்தவர்களை எண்ணவில்லை. ஆதலால் அது தெரியவில்லை. ஆறு மாதம் கழித்துத் தொகையும் இறங்கத் தொடங்கியது. அப்போது பக்கத்து வீதியில் ஒரு பெரிய கடை திறந்திருந்தபடியால், பழி முழுவதையும் அதன்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் காலை மீன் சந்தையில் ஒரு மலாய் அம்மையாரைக் கண்டோம். நம் தகப்பனார் காலத்திலிருந்து வாரம் மூன்று முறையாவது வந்துகொண்டிருந்தவர். சில மாதங்களாகக் காணவில்லை. "மக்சிக், கடைப் பக்கமே வரக் காணோமே?" என்று கேட்டோம். "முட்டி வலி தம்பி, அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை" என்று சிரித்தபடியே சொன்னார். அவர் கைக்கூடையில் மீனுக்கும் செராய் தண்டுகளுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இருந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. அந்த மடிப்பு எந்தக் கடை மடிப்பு என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் கடை நம் கடையைத் தாண்டி இரண்டு வீதி அப்பால் இருக்கிறது. அங்கே போகவேண்டுமானால் அவர் நம் கடை வாசலைக் கடந்துதான் போகவேண்டும்.

அந்த அம்மையார் பொய் சொன்னார் என்று யாரும் நினைக்கவேண்டாம். முகத்துக்கு நேரே குறை சொல்ல மனம் வராத அந்தப் பண்புக்கு மலாய்க்காரர்கள் செகான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மனம் நோகக்கூடாது என்று முட்டியின்மேல் பாரத்தைப் போட்டார்.

அன்று முழுவதும் யோசித்தோம். அவர் பிள்ளைகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் கிழவரும் கிழவியும் மாத்திரமே. ஒரு சட்டி மீன் குழம்புக்கு ஒரு சிறு கரண்டி மஞ்சள் போதும். 250 கிராம் வாங்கினால் மாதக்கணக்கில் கிடக்கும். நம் தைப்பிங்கோ மழைக்குப் பேர்போன ஊர். ஈரக் காற்றில் தூள் கட்டி தட்டி மணம் போய்விடும். அவருக்கு வேண்டியிருந்தது அன்றைய சமையலுக்கான மஞ்சள். நாம் நமது வசதிக்கு ஏற்ற மஞ்சளை அவர் தலையில் கட்டப் பார்த்தோம். அவர் சண்டை போடவில்லை. பேசாமல் இரண்டு வீதி கூட நடந்தார்.

மறு வாரமே 20 கிராம், 50 கிராம் பொட்டலங்கள் போட்டோம். பழைய டின்களையும் தராசையும் ஒரு மூலையில் திரும்ப வைத்தோம். சில வாரம் சென்று மக்சிக் வந்தார். முட்டி வலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. அவரைப்போல் வேறு சிலரும் திரும்பினார்கள். திரும்பாதவர்களும் உண்டு.

இதிலிருந்து நாம் கற்றது யாதெனில், போனவர் காரணம் சொல்லிவிட்டுப் போகமாட்டார். கேட்டாலும் மரியாதைக்காக வேறொன்று சொல்வார். வாய் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கூடை சொல்வதை நம்பவேண்டும்.

3. வாங்குகிறவரை நடத்துபவை எவை?

நூல்களில் பல காரணங்களை அடுக்கியிருக்கிறார்கள். கடைக்காரருக்கு முக்கியமானவை நான்கு.

(அ) கைப்பணம். எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளிவிவர அறிஞர் 1857ஆம் ஆண்டிலேயே ஒன்றைக் கண்டு எழுதினார். குடும்பம் எவ்வளவு ஏழ்மையானதோ, அதன் வருமானத்தில் அவ்வளவு பெரிய பங்கு உணவுக்கே போகிறது என்பதாகும் அது. மளிகைக் கடைக்காரர் ஒவ்வொருவரும் மனத்தில் எழுதி வைக்கவேண்டிய விஷயம் இது. ஏனெனில் எளியவருக்கு நம் கடையில் ஐம்பது காசு ஏறினால், அவருடைய வாழ்க்கைச் செலவின் பெரும்பகுதியில் ஏறியதாகிறது.

சம்பளம் வந்த வாரத்தில் 10 கிலோ அரிசிப் பை வாங்குகிற அதே மனிதர், அடுத்த சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் ஒரு கிலோ கேட்கிறார். "பெரிய பை வாங்கினால் கிலோவுக்கு இவ்வளவு மிச்சம்" என்று அவருக்கு நாம் பாடம் நடத்துகிறோம். அது அவருக்குத் தெரியாததல்ல. கையில் இருப்பது அன்றைய காசு. ஆகவே மாதத் தொடக்கத்தில் எந்த அளவு முன்னே இருக்கவேண்டும், கடைசியில் எந்த அளவு முன்னே இருக்கவேண்டும் என்று சரக்கை மாற்றி அடுக்குவது நம் பொறுப்பு.

(ஆ) வெட்கம். இதன் பலம் நம்மில் பலருக்குத் தெரியாது. விலை எழுதாத பொருளை எடுத்து, விலை கேட்டு, பிறகு "வேண்டாம்" என்று வைக்க நாலு பேர் முன்னிலையில் பலருக்குக் கூச்சம். ஆதலால் கேட்காமலே போய்விடுகிறார்கள். விலைச் சீட்டு ஒட்டவேண்டும் என்று இந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நமக்கு அதனால் லாபமே.

கடன் விஷயத்தில் வெட்கம் இன்னும் பெரிய வேலை செய்கிறது. 555 நோட்டில் எழுதிக் கடன் கொடுத்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு லாரி ஓட்டுநர் முப்பத்தெட்டு வெள்ளி பாக்கி வைத்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார். கடனை ஏப்பம் விட்டுவிட்டார் என்று நாமும் ஏசினோம். பிறகு பார்த்தால், அவர் எதிர்ப்பக்கத்து அஞ்சடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார். வேறு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். முப்பத்தெட்டு வெள்ளி கடனுக்காக, மாதம் இருநூறு வெள்ளி ரொக்க வியாபாரம் எதிர்ப்பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் தனியே கண்டு, "பழையது கிடக்கட்டும் அண்ணே, முடிந்தபோது ஐந்து ஐந்தாகக் கொடுங்கள், கடைக்கு வாருங்கள்" என்றோம். மறுநாளே வந்தார். நாலு மாதத்தில் கடனும் தீர்ந்தது. அன்று முதல் பாக்கியைப் பிறர் காதுபடக் கேட்பதில்லை என்று சிப்பந்திகளுக்கும் கட்டளை.

(இ) பயம். கானெமன், ட்வெர்ஸ்கி என்ற இரு மனநூல் அறிஞர்கள் 1979இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதருக்குப் பெற்றதால் வரும் சந்தோஷத்தைவிட அதே அளவு இழந்ததால் வரும் துக்கம் பெரிது என்று காட்டினார்கள். கானெமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நாம் இதைக் கடையிலேயே பார்த்திருக்கிறோம்.

2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 சதவீத ஜி.எஸ்.டி. வரி அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய வாரம் நம் கடையில் கால் வைக்க இடமில்லை. அரிசி, சீனி, மாவு, சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு வரி விகிதம் பூஜ்யம் என்று அறிவித்திருந்தும், ஜனங்கள் அவற்றையும் சேர்த்தே அள்ளினார்கள். 2020 மார்ச் 16ஆம் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டு, 18ஆம் தேதி அமலுக்கு வருவதற்குள் அலமாரிகள் காலியாயின. 2023 செப்டம்பர் 1 முதல் இறக்குமதி வெள்ளை அரிசி டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியபோது, விலைக் கட்டுப்பாட்டில் 10 கிலோ 26 வெள்ளிக்கு விற்ற உள்நாட்டு அரிசியை எல்லோரும் தேடினார்கள். அதனால் அது தட்டுப்பட்டது. இறக்குமதி அரிசியே உண்டு பழகியவர்கள்கூட உள்நாட்டு அரிசியைக் கேட்டு வந்தார்கள்.

இப்படிப்பட்ட நாளில் கடைக்காரர் செய்வதை ஊர் மறப்பதில்லை. தெரிந்தவருக்கு ஐந்து பை, தெரியாதவருக்கு இல்லை என்று சொன்னால், அந்த "இல்லை" வருஷக்கணக்கில் நிற்கும். 2023இல் வீட்டுக்கு ஒரு பை என்று எழுதி ஒட்டினோம். பழகியவர்கள் சிலர் கோபித்தார்கள். ஆனால் அந்த ஒரு பையை வாங்கிச் சென்ற புதியவர்களில் பலர் இன்றைக்கும் வருகிறார்கள்.

(ஈ) கண்ணும் கையும். கண் மட்டத்தில் இருப்பதைக் கை எடுக்கிறது. குனிந்து தேட முதியவரால் முடியாது. அவர்களுக்கு வேண்டியதைக் கீழ்த்தட்டில் வைப்பது தவறு. மாலை மழை பிடித்தால் பலர் நம் அஞ்சடியில் ஒதுங்குகிறார்கள். அங்கே முன்பு காலி டின்களை அடுக்கியிருந்தோம். இப்போது கச்சான், பிஸ்கட், குடை ஆகியவற்றை விலை எழுதி வைத்திருக்கிறோம். "வாங்குங்கள்" என்று ஒருவரையும் அழைப்பதில்லை. ஒதுங்கியவருக்கு நாற்காலி போடுகிறோம்.

பல வகை வைத்தால் பலர் வாங்குவர் என்பது நம் எண்ணம். ஐயங்கார், லெப்பர் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒரு கடையில் செய்த சோதனையை 2000இல் வெளியிட்டார்கள். 24 வகைப் பழ ஜாம் வைத்தபோது கடந்து சென்றவர்களில் நூற்றுக்கு 60 பேர் நின்றார்கள். நின்றவர்களில் வாங்கியவர்கள் நூற்றுக்கு 3 பேர். 6 வகை வைத்தபோது நூற்றுக்கு 40 பேர் நின்றார்கள். நின்றவர்களில் வாங்கியவர்கள் நூற்றுக்கு 30 பேர். பின்னர் பலர் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், இது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை என்றும் 2010இல் எழுதினார்கள். ஆகவே அதை வேதவாக்காகக் கொள்ளாமல் நம் கடையிலேயே சோதிக்கவேண்டும். நாம் ஒன்பது கம்பெனி மிளகாய்த்தூளை நான்காகக் குறைத்தோம். விற்பனை குறையவில்லை, முதல் முடங்குவது குறைந்தது. பெருநாள் பிஸ்கட்டைக் குறைத்தபோதோ விற்பனை விழுந்துவிட்டது. பெருநாளைக்குத் தேர்ந்தெடுப்பதே ஜனங்களுக்குச் சந்தோஷம்.

4. எப்படிக் கற்பது?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நான்கு செய்திகளைத் தினமும் எழுதுங்கள். கேட்டு இல்லையென்று திரும்பியவை எவை? உள்ளே வந்து வாங்காமற் போனவர் எத்தனை பேர், எந்தத் தட்டின் முன் நின்றுவிட்டுப் போனார்கள்? இன்று மொத்தம் எத்தனை ரசீது? வழக்கமாக வருபவர்களில் இந்த வாரம் காணாதவர் யார்?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. தொகையை ரசீது எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஆள் சராசரியாக எவ்வளவு வாங்குகிறார் என்று தெரியும். ஆள் குறைந்து தொகை ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். நம் மஞ்சள் பாக்கெட் கதை நடக்கிறது என்று கொள்ளுங்கள்.

வாடிக்கைக்காரரிடம், "நம் சரக்கு எப்படி?" என்று கேட்காதீர்கள். "நன்றாயிருக்கிறது" என்றுதான் சொல்வார். "போன வாரம் கொண்டுபோன அரிசியில் என்ன சமைத்தீர்கள்?" என்று கேளுங்கள். "நாசி லெமாக் வைத்தோம், கொஞ்சம் குழைந்துவிட்டது" என்று தானாகவே உண்மை வெளியே வரும்.

மாறுதல் செய்வதானால் ஒரு சமயத்தில் ஒன்றே செய்யுங்கள். விலை, இடம், அளவு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒரு சம்பள நாளிலிருந்து அடுத்த சம்பள நாள் வரை பொறுத்துப் பார்த்துப் பிறகு முடிவு செய்யுங்கள்.

5. இந்த அறிவுக்கு ஓர் எல்லை உண்டு

பிறர் மனத்தை அறிந்தவன் கையில் ஒரு கத்தி இருக்கிறது. அதைக்கொண்டு கறியும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம். இழப்புக்கு மனிதர் அஞ்சுவார்கள் என்று தெரிந்தவர், "நாளை விலை ஏறும்" என்று இல்லாததைச் சொல்லி விற்கலாம். இருபது வெள்ளிச் சரக்குக்கு முப்பது என்று எழுதி, அடித்துவிட்டு இருபது போட்டுத் தள்ளுபடி என்று காட்டலாம். வெட்கப்படுபவர் விலை கேட்கமாட்டார் என்று அறிந்து, விலைச் சீட்டை எடுத்துவிடலாம்.

நாம் மதரஸாவில் ஓதிய ஒரு வரலாறு நினைவிருக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்பவர். அப்படியானால் ஜனங்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கவேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்வது வியாபாரியின் குற்றமன்று. வாங்குகிறவரின் கண் மேற்புறத்தை மாத்திரமே பார்க்கும் என்று தெரிந்து, ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். அந்த வியாபாரியும் வாங்குகிறவரின் நடத்தையை அறிந்தவர்தான்!

ஆகவே மனத்தை அறிவது அவருக்கு உதவுவதற்காக இருக்கட்டும். அப்போதுதான் ஐந்தாவது படியில், அவர் வீட்டு அடுப்படியில், நமக்கு நல்ல தீர்ப்பு கிடைக்கும்.

முடிவுரை

சகோதரர்களே! நம் முன்னோர் மொழி தெரியாத ஊரில் வந்திறங்கி, மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோர் வீட்டுச் சமையலையும் அறிந்து கடை நடத்தினார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் பிரசவம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் அதை விட்டுவிட்டு அலமாரியை மாத்திரம் பளபளப்பாக வைத்திருக்கிறோம். பெரிய கடைகளுக்கு உள்ள முதல் நமக்கு இல்லை. ஆனால் வருகிறவரின் முகம் அறிந்து பேசுகிற வசதி நமக்கு உண்டு. அதையும் விட்டால் நமக்கு அடுத்து இந்தக் கல்லாவில் உட்காரப் பிள்ளைகள் வரமாட்டார்கள். வந்தாலும் உட்காரக் கடை இராது.

இந்த வாரம் கடை திறக்குமுன் ஒரு காகிதத்தில், வருவதை நிறுத்திக்கொண்ட ஐந்து பேருடைய பெயர்களை எழுதுங்கள். காரணத்தை எழுதாதீர்கள், அது இன்னும் நமக்குத் தெரியாது. அவர்களை எங்கேனும் கண்டால் ஸலாமோ வணக்கமோ சொல்லி நலம் விசாரியுங்கள். கூடையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். வந்தவர்களின் கணக்கை எழுதும் நாம், வராமற்போனவர்களின் கணக்கையும் எழுதத் தொடங்குவோமாக.